லைனை வெட்டினால் கணக்கு முடிந்துவிடாது

ஆரையம்பதியிலிருந்து ஒரு வாசகர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். சாரம் இதுதான்:

"வீட்டு முன்பக்கம் ஒரு கொமினிகேஷன் கடை வைத்திருக்கிறேன். நாட்டின் மிகப் பெரிய கம்பனியின் பைபர் லைன், மாதம் 2,900 ரூபா. இரவு ஏழு மணிக்குப் பிறகு ஒன்றும் திறக்காது. ஜனவரி மழையில் 11 நாள் லைனே இல்லை. பத்துத் தடவைக்கு மேல் போன் எடுத்தேன், 'பார்க்கிறோம்' என்றார்கள். விண்ணப்பம் நிரப்ப வந்த பிள்ளைகள் காத்தான்குடிக்குப் போய்விட்டார்கள். மார்ச் பில்லில் இருந்து காசு கட்டவில்லை. மே முடிவில் லைனை வெட்டினார்கள். இப்போது செப்டெம்பரில் 26,900 ரூபா கேட்டு அவர்களுடைய சட்டத்தரணியின் கடிதமும் மத்தியஸ்த சபை அழைப்பும் வந்திருக்கின்றன. மக்கள் காசில் வளர்ந்த கம்பனி இப்படிச் செய்யலாமா? 5 இலட்சம் நட்டஈடு கேட்டு வழக்குப் போடலாமா?"

போட வேண்டாம், தம்பி.

உங்கள் நான்கு பக்கத்திலும் சட்டத்துக்குத் தேவையான வசனம் ஒன்றுதான்: மார்ச்சில் இருந்து காசு கட்டவில்லை. அதற்கு முன்போ பின்போ "இந்த இணைப்பு எனக்கு வேண்டாம், ரத்துச் செய்யுங்கள்" என்று எழுத்தில் கொடுத்தீர்களா? கொடுத்ததாக எங்கும் இல்லை. கட்டாததற்காக அவர்கள் லைனை வெட்டுவது சேவையை நிறுத்துவது மட்டுமே. ஒப்பந்தம் அதோடு முடிந்துவிட்டது என்று பேசாமல் இருந்துவிட்டீர்கள். யூன், யூலை, ஆகஸ்ட் பில்களும் ஏறியது அதனால்தான். ஆறு மாதத்துக்கு 17,400, திருப்பிக் கொடுக்காத ரவுட்டருக்கு 9,500. கடிதத்தில் உள்ள 26,900 அப்படித்தான் வந்தது.

"அவன் சேவை தரவில்லை, நானும் காசு தரவில்லை" என்ற வாதம் நம் நாட்டில் ஓடும் ரோமன்-டச்சுச் சட்டத்தில் உண்டுதான். ஆனால் மார்ச், ஏப்ரல், மே மூன்று மாதமும் அந்த லைனைப் பாவித்துக்கொண்டே இருந்திருக்கிறீர்கள். பாவித்த காலத்துக்கு அந்த வாதம் பெரிதாக உதவாது. வேகம் பற்றிய குறையும் அப்படித்தான். நீங்கள் கையெழுத்து வைத்த தாளில் '100 எம்பிபிஎஸ் வரை' என்று இருக்கும். அந்த 'வரை' என்ற சொல் அவர்களுக்கு நல்ல கவசம். போனில் வைபையில் எடுத்த வேகச் சோதனைப் படத்தைக் காட்டினால், ரவுட்டரில் நேரே கேபிள் போட்டுப் பார்த்தீர்களா என்றுதான் முதல் கேள்வி வரும்.

மிச்சம் இருப்பது அந்த 11 நாள். அது உண்மையான மீறல். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கம், சேவையை உரிய கவனத்தோடும் திறமையோடும் தரவேண்டும் என்ற உத்தரவாதத்தை ஒவ்வொரு சேவை ஒப்பந்தத்துக்குள்ளும் வைத்திருக்கிறது. ஆனால் அங்கே முறைப்பாட்டை 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்கவேண்டும். ஜனவரியில் நடந்ததற்கு செப்டெம்பரில் போனால் கதவு மூடியிருக்கும். சரி, அந்த 11 நாளின் பெறுமதி என்ன? 2,900 ரூபாவில் 30க்கு 11 பங்கு. 1,063 ரூபா. உங்கள் மனவருத்தத்தின் விலை அது இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் ரசீதோடு நிரூபிக்கக்கூடியது அவ்வளவுதான்.

கடை வருமானம் போனதே என்பீர்கள். அங்கேதான் எனக்குப் பயம். இந்த மாதிரிக் கோபத்தில் கம்பனிக்குப் பதில் எழுதியவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். மாதம் 2,900 ரூபாவுக்கு நீங்கள் எடுத்தது வீட்டுப் பாவனைப் பக்கேஜாகத்தான் இருக்கும், தாளை எடுத்துப் பாருங்கள். அதில் கடை நடத்தியதாக நீங்களே எழுதிக் கொடுத்தால், ஒப்பந்தத்தை முதலில் மீறியவர் நீங்கள் என்று அவர்கள் திருப்பிப் பிடிப்பார்கள். கேட்டால் பொய் சொல்லுங்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த நட்டஈட்டைக் கேட்காதீர்கள், அவ்வளவுதான். 5 இலட்சத்தைக் காட்டக் கணக்குப் புத்தகமும் உங்களிடம் இல்லை.

அடுத்த குழி, மத்தியஸ்த சபைக்கு, அதாவது வழக்குக்கு முன் இரு தரப்பையும் இருத்திப் பேசி இணங்கவைக்கும் சபைக்கு, போகாமல் விடுவது. "அது வழக்கு இல்லையே, சும்மா கூப்பிடுகிறார்கள்" என்று விட்டுவிடுகிறார்கள். போகாவிட்டால் இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழ் மறுதரப்புக்குப் போகும். இந்தச் சின்னத் தொகைக்கு நீதிமன்றக் கதவைத் திறக்கும் சாவியே அந்தத் தாள்தான். பிறகு வரும் அழைப்பாணையையும் மேசை லாச்சிக்குள் போட்டால் நீங்கள் இல்லாமலே நடக்கும் ஒருதலை விளக்கம், கட்டளை, கடைசியில் அதை நிறைவேற்ற வாசலில் நீதிமன்றப் பிஸ்கால். வாழைச்சேனைப் பக்கத்து ஒருவரிடம் இருபதாயிரம் சொச்சத்துக்கு வந்த கடிதம், வட்டியும் செலவும் ஏறிய பிறகுதான் என் மேசைக்கு வந்தது. ஒருதலைக் கட்டளை கையில் கிடைத்து 14 நாளுக்குள் அதை நீக்கக் கேட்டிருக்கலாம். அவர் வந்தது இரண்டு மாதம் கழித்து. நான் செய்ய ஒன்றும் மிச்சமில்லை.

இன்னொன்று, போனில் வரும் அறவீட்டுக்காரர்கள். பேச்சு மரியாதையாகத்தான் இருக்கும். "தவணையில் கட்டலாம் அண்ணை, இந்தப் படிவத்தில் ஒரு கையெழுத்து மட்டும்" என்பார்கள். அந்தக் கையெழுத்து 26,900 முழுவதையும் நீங்கள் ஒப்புக்கொண்டதாக ஆகும். எழுத்து ஒப்பந்தக் கடனுக்கு வழக்குப் போட 1871 ஆம் ஆண்டுக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் வைத்த 6 வருடக் கெடுவும் அன்றிலிருந்து புதிதாக ஓடத் தொடங்கும். "இப்போதைக்கு ஆயிரம் ரூபா போட்டுவிடுகிறேன்" என்று கொடுப்பதிலும் இதே ஆபத்து உண்டு.

ரவுட்டர் கதை ஒன்றும் சொல்லவேண்டும். களுவாஞ்சிகுடியில் இருந்து ஒரு அக்கா, ரவுட்டரை ஷொப்பிங் பையில் சுற்றிக் கவுண்டரில் கொடுத்துவிட்டு வந்தார். வாங்கிய பெடியன் துண்டு ஒன்றும் கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. ஒரு வருடம் கழித்து அதற்கும் பில் வந்தது. அடப்டரோடு கொண்டுபோனதைச் சொல்லச் சொல்லக் கண் கலங்கினார். நான் அவரை முழுமையாக நம்பினேன். ஆனாலும் காட்ட ஒரு தாள் இல்லை. நீங்கள் கொடுக்கும்போது ரவுட்டரின் அடியில் உள்ள இலக்கத்தைப் படம் எடுங்கள், திகதியும் கையெழுத்தும் உள்ள பற்றுச்சீட்டு இல்லாமல் படியிறங்க வேண்டாம்.

இனி செய்யவேண்டியது. இன்றைக்கே ரத்துக் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நாளைக்கு ரவுட்டரைக் கொடுங்கள். அதோடு ஒரு தகவல் அறியும் விண்ணப்பமும் போடுங்கள். அரசுக்கு 25 வீதம் அல்லது அதற்கு மேல் பங்குள்ள கம்பனி, 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தகவல் தரக் கடமைப்பட்டது. உங்கள் இலக்கத்துக்கு ஜனவரியில் பதிவான பழுது முறைப்பாடுகளின் பிரதியைக் கேளுங்கள். 14 வேலை நாளுக்குள் அவர்கள் முடிவு சொல்லவேண்டும். நீங்கள் எடுத்த போன் அழைப்புகளுக்குத் துண்டு இல்லையே என்ற குறையை அது தீர்க்கும். அதற்குள் சபைத் தவணை வந்தால், போய் அடுத்த திகதி கேளுங்கள்.

சபையில் உங்களுக்காகச் சட்டத்தரணி பேசமுடியாது, நீங்கள்தான் பேசவேண்டும். கம்பனியின் பெருமை சிறுமை, மக்கள் காசு, ஒன்றும் வேண்டாம். இவ்வளவு சொன்னால் போதும்: பாவித்த மூன்று மாதம் 8,700, அதில் ஜனவரியில் லைன் இல்லாத 11 நாளுக்கு 1,063 கழித்து 7,637 தருகிறேன், வெட்டிய பிறகு ஏறிய 8,700ஐ விடுங்கள், ரவுட்டர் கொடுத்ததற்கு இதோ சீட்டு. இவர்கள் இப்படியான தொகைக்கு இணங்குவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன், வழக்குச் செலவு அவர்களுக்கும் கட்டாது. 10,000 வரை கேட்டாலும் கொடுத்து முடியுங்கள். உங்கள் 5 இலட்ச வழக்கை நான் எடுத்தால் என் முதல் கட்டணமே இந்தப் பத்தாயிரத்தைவிடக் கூட வரும்.

காசு கட்டுவதற்கு முன், 'முழுமையான, இறுதித் தீர்வு, வேறு நிலுவை இல்லை' என்ற வசனம் இணக்கத் தாளில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதச் சொல்லுங்கள், எழுதிய பிறகு கையெழுத்து வையுங்கள்.