டார்ட்டியா சூப்: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் டெக்சஸில் இருக்கும் நம் ஆட்களிடமிருந்து வந்தவை, அத்தனையும் சிக்கன் டார்ட்டியா சூப்பைப் பற்றி, அதாவது டார்ட்டியா என்ற மெல்லிய மெக்சிகன் ரொட்டியைப் பொரித்துப் போட்ட கோழி சூப். அங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது போலிருக்கிறது. சரி, சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: டாலஸ் பக்கம் இருக்கிறோம். ஹோட்டலில் சாப்பிட்ட டார்ட்டியா சூப் பிடித்துப்போய், வீட்டிலேயே செய்யலாம் என்று கடைக்குப் போனேன். சிக்கன் ப்ராத் (கோழி வேகவைத்த தண்ணீர்) இரண்டு டப்பா, எலும்பில்லாத நெஞ்சுக்கறி, டாக்கோ மசாலா பாக்கெட், துருவிய மெக்சிகன் சீஸ், பெரிய பை சிப்ஸ், கோதுமை டார்ட்டியா, தக்காளி, அவகாடோ என்று வாங்கினேன். பில்லைப் பார்த்ததும் நான்கு பேரும் ஹோட்டலுக்கே போயிருக்கலாம் என்று தோன்றியது. ருசியும் தக்காளி ரசத்தில் கோழியைப் போட்ட மாதிரிதான் இருந்தது. எங்கே தப்பு?

பதில்: அம்மா, வாங்கிய பட்டியலிலேயே தப்பு இருக்கிறது. இந்த சூப்புக்கு ருசி கொடுப்பவை இரண்டே பொருள்கள், காய்ந்த மெக்சிகன் மிளகாயும் சோள (மக்காச்சோள) டார்ட்டியாவும். இரண்டுமே உங்கள் பட்டியலில் இல்லை. வேடிக்கை என்னவென்றால் அந்தக் கடையில் இருப்பதிலேயே மலிவானவையும் இவைதான், நீங்கள் பணத்தைக் கொட்டியதெல்லாம் மற்றவற்றில்.

மெக்சிகோவில் இதற்கு சோபா தே டார்ட்டியா என்று பெயர், சோபா அஸ்தேகா என்றும் சொல்வார்கள். தக்காளியும் காய்ந்த மிளகாயும் அரைத்த குழம்பு, பொரித்த டார்ட்டியா கீற்று, எபாசோட்டே என்ற கீரை, மேலே சீஸ், அவகாடோ. நிறைய சீரகம், முத்துச்சோளம், கறுப்பு பீன்ஸ் எல்லாம் டெக்சஸ் பக்கம் வந்து சேர்ந்த கூட்டம். உங்கள் டாலஸுக்கே இதில் ஒரு பங்கு உண்டு, 1980களில் அங்கே மேன்ஷன் ஆன் டர்டில் க்ரீக் ஹோட்டலின் சமையல்காரர் டீன் ஃபியரிங் போட்ட டார்ட்டியா சூப்தான் இதைப் பெரிய ஹோட்டல் மெனுக்களில் ஏற்றியது.

முதலில் மிளகாய். மெக்சிகன் கடைகளிலும் எச்.இ.பி. மாதிரி கடைகளிலும் பாக்கெட்டாகவோ எடைக்கோ கிடைக்கும். ஆஞ்சோ என்பது பொப்லானோ மிளகாய் பழுத்துக் காய்ந்தது, அகலமாக, கருஞ்சிவப்பாக இருக்கும், காரம் மிகக் குறைவு. குவாஹியோ வழவழப்பான செம்மிளகாய், நிறம் கொடுக்கும். பஸியா நீளமாக, ஒல்லியாக, சுருக்கம் விழுந்து கறுப்பாக இருக்கும். அமெரிக்கக் கடைகளில் ஆஞ்சோ பாக்கெட்டின் மேலேயே பஸியா என்று ஒட்டி விற்பது சகஜம், அதனால் பெயரை நம்பாமல் வடிவத்தைப் பாருங்கள். எதுவானாலும் பாக்கெட்டோடு லேசாக அழுத்திப் பார்க்க வேண்டும், மிளகாய் வளைந்து கொடுத்தால் புதுசு, சடசடவென்று நொறுங்கி அடியில் தூளும் விதையும் கொட்டிக் கிடந்தால் பழையது, வைத்துவிடுங்கள்.

ஆறு பேருக்கு மூன்று ஆஞ்சோ, இரண்டு குவாஹியோ போதும். காம்பும் விதையும் எடுத்துவிட்டு வெறும் சட்டியில் பக்கத்துக்கு அரை நிமிடம் வாட்டுங்கள், கருகினால் கசந்துவிடும். வெந்நீரில் இருபது நிமிடம் ஊறவைத்து, நான்கைந்து சுட்ட தக்காளி, ஒரு வெங்காயம், நான்கு பல் பூண்டு, ஒரு டீஸ்பூன் சீரகம், பிய்த்துப்போட்ட இரண்டு சோள டார்ட்டியாவோடு சேர்த்து நைசாக அரையுங்கள். அந்த டார்ட்டியாதான் சூப்புக்கு லேசான கனத்தையும் சோள வாசனையையும் கொடுக்கிறது. அப்புறம் இந்த அரைப்பை அப்படியே தண்ணீரில் கொட்டிவிடக் கூடாது, குழம்பு மசாலாவை எண்ணெய் பிரியும் வரை வதக்குவோமே அந்த மாதிரி வதக்கி, நிறம் நன்றாகக் கருத்த பிறகுதான் கோழி வேகவைத்த தண்ணீரை எட்டு கப் ஊற்ற வேண்டும். இந்த வதக்கலை விட்டால் ரசம்தான் வரும், நீங்கள் சொன்ன அதே ரசம்.

சிப்ஸ் பை வேண்டாம். அது ஏற்கெனவே உப்பு போட்டது, சூப்பில் விழுந்ததும் கூழாகிவிடும். கோதுமை டார்ட்டியா இதற்கு ஆகாது, ஊறினால் மாவுருண்டை மாதிரி வழுவழுக்கும். சோள டார்ட்டியா பெரும்பாலும் 30 உள்ள கட்டாகவே வரும், ஏழெட்டை எடுத்து விரல் அகலத்துக்குக் கீற்றாக வெட்டி, தட்டில் பரப்பி ஒரு மணி நேரம் உலரவிட்டு, எண்ணெயில் குமிழி அடங்கும் வரை பொரித்து எடுங்கள். இரண்டு நாள் பழசான டார்ட்டியா இன்னும் நன்றாக மொறுமொறுக்கும். கிண்ணத்தில் முதலில் கீற்று, மேலே சூடான சூப்.

துருவிய சீஸுக்கும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒட்டாமல் இருக்க அதில் உருளைக்கிழங்கு ஸ்டார்ச்சோ செல்லுலோஸோ தூவியிருப்பார்கள். மான்டரே ஜாக் சீஸைக் கட்டியாக வாங்கி நீங்களே துருவுங்கள், உருக வேண்டாம் என்றால் கேசோ ஃப்ரெஸ்கோ என்ற மெக்சிகன் சீஸை உதிர்த்துப் போடுங்கள்.

மசாலா பாக்கெட்டைப் பற்றி ஒரே ஒரு விஷயம். அமெரிக்காவில் லேபிளில் எடை அதிகமுள்ள பொருளைத்தான் முதலில் போட வேண்டும். பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்து, முதல் இரண்டு மூன்று பெயர்களுக்குள் உப்போ, மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுப்பொருளோ, சோள ஸ்டார்ச்சோ இருந்தால் எதற்குக் காசு கொடுக்கிறீர்கள் என்பது தெரிந்துவிடும்.

கேள்வி: ப்ராத் டப்பா இல்லாமல் எப்படி? என் கணவருக்கு ரத்த அழுத்தம் உண்டு, அதனால் உப்பு குறைத்தது என்று போட்டதைத்தான் வாங்குகிறேன்.

பதில்: அங்கேதான் ஏமாற்றம். உப்பு குறைத்தது என்று லேபிளில் போட, அதன் வழக்கமான வகையைவிட 25 சதவீதம் குறைந்திருந்தால் போதும். குறைந்த உப்பு என்று போடுவதற்குத்தான் ஒரு பரிமாறலுக்கு 140 மில்லிகிராம் சோடியத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரம்பு. கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும், அவசரத்தில் ஒன்று போலவே தெரியும். முன்பக்கத்து வாசகத்தை விட்டுவிட்டு பின்னால் சோடியம் வரியைப் பாருங்கள்.

சாதாரண ப்ராத் ஒரு கப்பில் 800 மில்லிகிராம் சோடியம் இருப்பது சகஜம். 32 அவுன்ஸ் டப்பா என்றால் நான்கு கப். இரண்டு டப்பா ஊற்றினால் 6400 மில்லிகிராம், ஆறு கிண்ணத்துக்குப் பிரித்தால் ஆளுக்கு ஆயிரத்துக்கு மேல். ஒரு நாள் முழுக்கவே 2300க்குள் இருக்கச் சொல்கிறார்கள், இதில் சீஸ், பீன்ஸ், டார்ட்டியா உப்பு இன்னும் சேரவே இல்லை.

கோழி எலும்பு, அரை வெங்காயம், இரண்டு பல் பூண்டு, பத்து கப் தண்ணீர், குக்கரில் முக்கால் மணி நேரம். உப்பு உங்கள் கையில். டின் பீன்ஸ் போடுவதானால் அந்தத் தண்ணீரை வடித்துவிட்டு குழாயடியில் நன்றாக அலசுங்கள், சோடியம் கணிசமாகக் குறையும். சூப் இன்னும் சப்பென்று தெரிந்தால் உப்பைத் தேடாதீர்கள், லைம் பிழியுங்கள்.

கேள்வி: காஸ்ட்கோவில் 4.99 டாலருக்கு வறுத்த முழுக்கோழி கிடைக்கிறதே, பச்சைக்கோழி வாங்கி எதற்கு மெனக்கெட வேண்டும்? வாங்குவதானால் எந்த லேபிள் நல்லது? ஹார்மோன் இல்லாதது, நேச்சுரல், ஏர் சில்ட் என்று தலை சுற்றுகிறது.

பதில்: சூப்புக்கு மட்டும் என்றால் வறுத்த கோழியைத் தாராளமாக வாங்கலாம் தம்பி. கறியை உதிர்த்தால் நான்கு கப் போல வரும், எலும்பு ஸ்டாக்குக்கு, அதாவது வேகவைத்துத் தண்ணீர் எடுக்க ஆகும். சூடாக விற்கும் உணவுக்கு டெக்சஸில் விற்பனை வரி உண்டு, பச்சைக்கோழிக்கு இல்லை. 8.25 சதவீதம் போட்டால் 4.99 என்பது 5.40 ஆகும், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கோழியில் ஏற்கெனவே உப்புத்தண்ணீர் ஏற்றியிருப்பார்கள், எலும்பிலிருந்து வரும் ஸ்டாக்கும் கரிக்கும். அதனால் கடைசி வரை உப்புப் போடாமல் வைத்திருந்து ருசி பார்த்துப் போடுங்கள். உதிர்த்த கறியைப் பரிமாறும் முன்புதான் சேர்க்க வேண்டும், இன்னொரு முறை கொதித்தால் நார்நாராகிவிடும்.

லேபிள் விஷயத்துக்கு வருவோம். ஹார்மோன் சேர்க்காதது என்பதற்கு ஒரு சென்ட் கூட அதிகம் கொடுக்காதீர்கள். அமெரிக்காவில் கோழிக்கு ஹார்மோன் கொடுக்கவே சட்டத்தில் இடமில்லை, அதனால் எல்லாக் கோழியும் அப்படித்தான். அந்த வாசகத்தைப் போடுகிறவர்கள் கூடவே சட்டம் தடுக்கிறது என்பதையும் அச்சிட்டாக வேண்டும், சின்ன எழுத்தில் அதுவும் இருக்கும், தேடிப் பாருங்கள். நேச்சுரல் என்றால் செயற்கைப் பொருள் சேர்க்கவில்லை, அதிகம் பதப்படுத்தவில்லை என்பதோடு சரி, கோழி எப்படி வளர்ந்தது என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

பார்க்க வேண்டிய வரி வேறு. உப்புக்கரைசல் இத்தனை சதவீதம் வரை உள்ளது என்று சில பாக்கெட்டுகளில் ஓரமாக இருக்கும். 15 சதவீதம் என்றால், நான்கு பவுண்டு பாக்கெட்டில் அரை பவுண்டுக்கு மேல் உப்புத்தண்ணீரைக் கோழி விலைக்கு வாங்குகிறீர்கள். மலிவு விலைக்கோழி பல நேரம் மலிவே இல்லை என்பது இதனால்தான். குளிர்ந்த நீரில் முக்கிக் குளிர்விப்பதால் உள்ளே நிற்கும் தண்ணீர் வேறு, அதையும் தனியாகச் சதவீதம் போட்டிருப்பார்கள். ஏர் சில்ட் கோழி குளிர்காற்றில் குளிர்வித்தது, வறுவலுக்கு அருமை, ஆனால் தண்ணீரில் வேகப்போகிற கோழிக்கு அந்த விலை வீண் என்பது என் அபிப்பிராயம். எலும்போடு தொடைக்கறி வாங்குங்கள், நெஞ்சுக்கறியைவிட விலையும் குறைவு, சூப்பில் வறளாது.

மஞ்சள் போட்டுக் கழுவாமல் நமக்கு மனசு ஒப்பாது, தெரியும். அமெரிக்க வேளாண் துறை கழுவாதே என்கிறது, தண்ணீர் தெறித்து தொட்டியெல்லாம் கிருமி பரவும் என்பதால். உள்ளே 74 டிகிரி செல்சியஸ் வந்துவிட்டால் கவலை இல்லை.

கேள்வி: செய்முறையில் இரண்டு டேபிள்ஸ்பூன் சில்லி பவுடர் என்றிருந்தது. நம் மிளகாய்த்தூளை அப்படியே போட்டேன். யாரும் வாயில் வைக்க முடியவில்லை.

பதில்: ஐயோ பாவம்! அமெரிக்கச் செய்முறையில் வரும் சில்லி பவுடர் கலவைத்தூள். காரம் குறைந்த மிளகாயோடு சீரகம், ஆரிகனோ, பூண்டுத்தூள், பல நேரம் உப்பும் சேர்த்தது. 1890களில் டெக்சஸின் நியூ பிரான்ஃபெல்ஸ் ஊரில் வில்லியம் கெப்ஹார்ட் என்ற ஜெர்மன் குடியேறி வியாபாரமாக ஆரம்பித்தது இது. நம் தூளை அந்த அளவில் போட்டால் இப்படித்தான் ஆகும். கைவசம் வேறு இல்லை என்றால் காஷ்மீரி மிளகாய்த்தூள் இரண்டு டீஸ்பூன், சீரகத்தூள் ஒரு டீஸ்பூன் போட்டுச் சமாளிக்கலாம். ஆஞ்சோவின் அந்த உலர்பழ வாசனை மட்டும் வராது.

கேள்வி: சோள டார்ட்டியாவை நாமே தட்டினால் என்ன? இந்தியக் கடையில் மக்காச்சோள மாவு இருக்கிறதே.

பதில்: அந்த மாவு விரிந்து உதிரும். டார்ட்டியா மாவுக்குச் சோளத்தைச் சுண்ணாம்பு கரைத்த தண்ணீரில் வேகவைத்து, ஊறவைத்து, அலசி அரைப்பார்கள், அதனால்தான் பசை பிடிக்கிறது, அந்த வாசனையும் வருகிறது. சோளத்தில் சிக்கிக்கிடக்கும் நியாசின் உடம்புக்குக் கிடைப்பதும் இந்தச் சுண்ணாம்பால்தான். மசேகா மாதிரி மாசா மாவு என்று கேட்டு வாங்க வேண்டும். ஆனால் சூப்புக்காக மெனக்கெட வேண்டாம், வாங்கிய டார்ட்டியாவே போதும். சோளம், தண்ணீர், சுண்ணாம்பு என்று பட்டியல் சின்னதாக இருப்பதை எடுங்கள்.

கேள்வி: நிறையச் செய்து ஃப்ரீசரில் வைக்கலாமா?

பதில்: கீற்றும் சீஸும் அவகாடோவும் போடாத வெறும் சூப்பை வைக்கலாம், இரண்டு மூன்று மாதம் ருசி கெடாது. ஃப்ரிட்ஜில் என்றால் மூன்று நான்கு நாள். அடுப்பிலிருந்து இறக்கி இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே போய்விட வேண்டும், பெரிய பாத்திரத்தோடு வைத்தால் நடுவில் சூடு ஆறவே ஆறாது, சின்னச் சின்ன டப்பாவாகப் பிரித்து வையுங்கள். அவகாடோவை மட்டும் சாப்பிடும் அன்றைக்கு வாங்கிக்கொள்ளுங்கள். காம்புப் பக்கம் மெதுவாக அழுத்தினால் கொஞ்சம் இளக வேண்டும், கல்லு மாதிரி இருந்தால் இன்னும் நான்கு நாள் ஆகும்.