சாலிஃப் கெய்த்தா: கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சாலிஃப் கெய்த்தா என்றால் அந்தப் பாடகர்தானே?

பதில்: இல்லை, இவர் கால்பந்து வீரர். நாடும் பெயரும் ஒன்றாக இருப்பதால் பலர் குழம்புகிறார்கள். 1946-இல் மாலியின் தலைநகர் பமாகோவில் பிறந்தவர். 2023 செப்டம்பரில் காலமானார்.

கேள்வி: பிரான்சுக்கு எப்படிப் போனார்? டாக்சிக் கதை நிஜமா?

பதில்: நிஜம். பமாகோவில் வசித்த ஒரு லெபனான்காரர், பிரான்சின் செந்த்-எத்தியென் கால்பந்து கிளப்பின் தீவிர ரசிகர். "இந்தப் பையனைப் பாருங்கள்" என்று கிளப்புக்குக் கடிதம் எழுதியவர் அவர்தான். ஆனால் மாலி அரசுக்குத் தன் நட்சத்திரத்தை விட மனமில்லை. அதனால் 1967-இல் கெய்த்தா சத்தமில்லாமல் கிளம்பி, லைபீரியா வழியாகப் பாரிஸ் போய்ச் சேர்ந்தார். இறங்கியது ஓர்லி விமான நிலையம். கிளப் ஆட்களோ வேறு விமான நிலையத்தில் காத்திருந்தார்கள். யாரையும் காணோம் என்றதும், ஒரு டாக்சியைப் பிடித்து "செந்த்-எத்தியென் போ" என்றார். 500 கிலோமீட்டருக்கு மேல் தூரம். வாடகையைக் கிளப் கொடுத்தது. இருபது வயதில், ஒருவரையும் தெரியாத நாட்டில் அந்தத் துணிச்சல்! பின்னால் அவர் எடுத்த முடிவுகளிலும் இதே குணம்தான் தெரிகிறது.

கேள்வி: அவர் ஆட்டம் எப்படி? புள்ளிவிவரம் இருந்தால் சொல்லுங்கள் சார்.

பதில்: 1968, 69, 70 என்று தொடர்ந்து மூன்று லீக் பட்டங்கள். 1969-இல் ஐரோப்பியக் கிளப் கோப்பையில் ஜெர்மனியின் பேயர்ன் மியூனிக்கிடம் முதல் ஆட்டத்தில் 2-0 என்று தோற்றுவிட்டு, சொந்த மைதானத்தில் 3-0 என்று திருப்பியடித்து, இரண்டு ஆட்டத்தின் மொத்தக் கணக்கில் 3-2 என்று முந்தினார்கள். ஆட்டம் முடியச் சுமார் பத்து நிமிடம் இருக்கும்போது அந்த மூன்றாவது கோலைப் போட்டவர் கெய்த்தா. 1970-71 லீக்கில் 42 கோல்! அப்படியும் முதலிடம் கிடைக்கவில்லை, இன்னொரு பிரெஞ்சு கிளப்பான மார்சேயின் யோசிப் ஸ்கோப்லர் 44 அடித்திருந்தார். 1970-இல் முதன்முதலாக வழங்கப்பட்ட ஆப்பிரிக்காவின் சிறந்த வீரர் விருது இவருக்குத்தான். 'கருஞ்சிறுத்தை' என்று ரசிகர்கள் வைத்த பெயரால், கிளப்பின் சின்னத்திலேயே சிறுத்தை ஏறியது.

கேள்வி: அப்புறம் ஏன் மார்சேயில் ஒரே வருடம்?

பதில்: 1972-இல் அங்கே போனார். பழைய கிளப்புக்கு எதிராக இரண்டு கோல் அடித்து, அதன் தலைவர் பக்கம் திரும்பிக் கையால் சைகை காட்டி, தடையும் வாங்கினார். ஆனால் பிரிவுக்குக் காரணம் அது இல்லை. அணியில் வெளிநாட்டவர் எண்ணிக்கைக்கு வரம்பு இருந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கிக்கொள் என்று நிர்வாகம் நெருக்கியது. மாலிக்காரனாகவே இருப்பேன் என்று மறுத்துவிட்டு ஸ்பெயினுக்கு, வலென்சியாவுக்குக் கிளம்பினார். என்னைக் கேட்டால், அந்த 42 கோலைவிட இது பெரிய விஷயம். பிறகு போர்ச்சுகலின் லிஸ்பனில் ஸ்போர்ட்டிங் கிளப், கடைசியில் அமெரிக்கா.

கேள்வி: மாலிக்காக எதுவும் வென்றாரா?

பதில்: கோப்பை இல்லை. 1972 ஆப்பிரிக்கக் கோப்பை இறுதியில் காங்கோவிடம் 3-2 என்று மாலி தோற்றது. இன்றுவரை அவர்கள் எட்டிய ஒரே இறுதி அதுதான்.

கேள்வி: ஓய்வுக்குப் பிறகு?

பதில்: 1990-களில் பமாகோவில் சிறுவர்களுக்கான பயிற்சி மையத்தைத் தொடங்கினார். பின்னாளில் ரியல் மாட்ரிட்டுக்கு ஆடிய மகமதூ தியாரா அங்கே வளர்ந்தவர். பார்சிலோனாவுக்கு ஆடிய செய்து கெய்த்தாவும் அப்படியே, இவருக்கு உறவுக்காரரும்கூட. 2005 முதல் நான்கு ஆண்டுகள் மாலி கால்பந்துச் சங்கத் தலைவராகவும் இருந்தார்.