தர்பூசணி கொடி வாடுதா? தண்ணியைக் கூட்டாதீங்க

வணக்கங்க. 40 நாள் தர்பூசணி, பிஞ்சு பிடிக்கிற நேரத்துல மதியம் துவண்டு சாயங்காலம் தெளியுது, தண்ணி கூட்டியும் நிக்கலைன்னு எழுதியிருக்கீங்க. ஒரே செடியில ஒரு கொடி மட்டும் வாடி மத்தது பச்சையா நிக்குதுன்னு சொன்னீங்களே, அதை வச்சுப் பார்த்தா பியூசேரியம்ங்கிற மண் பூஞ்சையால வர்ற வாடல் நோய் மாதிரிதான் தெரியுது.

வாடின செடியைப் பிடுங்கி, வேருக்கு மேல தண்டை பிளேடால சாய்வா சீவிப் பாருங்க. உள்ளே நீர் ஏறுற குழாய் செம்பழுப்பா மாறியிருந்தா பெரும்பாலும் இந்த நோய்தான். வேர்ல முடிச்சு முடிச்சா இருந்தா நூற்புழுவும் சேர்ந்திருக்கு. அது போட்ட காயம் வழியா பூஞ்சை சுலபமா நுழையும்.

வாடினது பிழைக்காதுங்க. பிடுங்கி எரிச்சிடுங்க, வாய்க்கால்ல வீசாதீங்க (நான் வீசி, கடைமடை வரைக்கும் பரப்பினவன்). பக்கத்துச் செடிகளுக்கு கார்பென்டாசிம்ங்கிற பூஞ்சைக்கொல்லி மருந்தை லிட்டருக்கு 1 கிராம் கலந்து வேர்ல ஊத்தலாம். பரவுறது கொஞ்சம் மட்டுப்படும், அவ்வளவுதான். அதோட டிரைக்கோடெர்மாவை (நோய்ப் பூஞ்சையை அடக்குற நல்ல பூஞ்சை) சேர்த்து ஊத்தாதீங்க, மருந்து அதையும் கொன்னுடும்.

இந்தப் பூஞ்சை மண்ணுல 10 வருஷத்துக்கு மேலயும் கிடக்கும். அதனால ஒரு போகம் மாத்திட்டு மறுபடி தர்பூசணி வைக்கிறது வீண் செலவு. நெல், மக்காச்சோளம்னு போங்க. அதே வயல்லதான் வைக்கணும்னா சுரை வேர்ச்செடியில தர்பூசணியை ஒட்டுக்கட்டின நாத்து கிடைக்குதான்னு விசாரிங்க. ஜப்பான்ல கிட்டத்தட்ட 100 வருஷமா இதைத்தான் செய்றாங்க.

சீவின தண்டை போட்டோ எடுத்துப் போடுங்க.