மேடைப்பாத்தி உருளைக்கிழங்கு: இலை செழிப்பு, கிழங்கு சிறுப்பு

வணக்கம். ஓசூரில் பிப்ரவரியில் மேடைப்பாத்தியில் (தரையைவிட உயர்த்தி விளிம்பு கட்டிய பாத்தி) நட்ட உருளைக்கிழங்குச் செடிகள் இடுப்பளவு வளர்ந்தும் கிழங்குகள் கோலிக்குண்டு அளவிலேயே இருந்தன, சில பச்சையாகவும் இருந்தன என்று எழுதியிருந்தீர்கள்.

முதன்மைக் காரணம் நடவுக் காலம் என்றே கருதுகிறேன். கிழங்கு பிடிக்க மண்ணின் வெப்பம் 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரை இருப்பது உகந்தது. இரவிலும் வெப்பம் தணியாத நாட்களில், செடி தான் ஆக்கும் உணவைக் கிழங்கில் சேர்க்காமல் இலைக்கும் தண்டுக்குமே செலவிட்டுவிடும். மேடைப்பாத்தியின் பக்கங்களிலும் வெயில் படுவதால் அதன் மண் தரைமண்ணைவிட விரைவாகச் சூடேறுகிறது. நீங்கள் இருமுறை இட்டதாகச் சொன்ன யூரியா என்னும் தழைச்சத்து உரமும் இலைச் செழிப்பையே கூட்டியிருக்கும். அடுத்த முறை அக்டோபர் இறுதியிலோ நவம்பர் தொடக்கத்திலோ நட்டு, மண்ணின் மேல் வைக்கோல் பரப்பி மூடாக்கு இட்டு, தழைச்சத்தை (நைட்ரஜன்) குறைத்துச் சாம்பல்சத்தை (பொட்டாசியம்) கூட்டுங்கள்.

பச்சை நிறம் வெளிச்சம் பட்டதால் வந்தது. அத்தகைய கிழங்கில் சொலனின் என்னும் நச்சு மிகுந்திருக்கக்கூடும், அது வேகவைத்தாலும் நீங்காது என்பதால், தயவுசெய்து குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள். கிழங்கு பச்சையாவதைத் தவிர்க்க, பாத்தியைத் தொடக்கத்திலேயே விளிம்புவரை நிரப்பாமல் பாதியளவு நிரப்பி நட்டு, செடி ஒரு சாண் உயர்ந்ததும் தண்டைச் சுற்றி மண் அணைத்து, இரண்டு மூன்று வாரம் கழித்து மீண்டும் அணையுங்கள். அடுத்த உருளைக்கிழங்கு நடவு வரை அந்தப் பாத்தியில் தக்காளியோ கத்தரியோ வேண்டாம். ஒரே குடும்பத்துப் பயிர்கள் என்பதால் நோய்கள் மண்ணில் தங்கிவிடும். அவரையோ கீரையோ போடலாம்.