பாம்புத் தொட்டிக்குச் சூடு: கேள்வி பதில்

டொரண்டோவில் குளிர் இறங்கிவிட்டது. வழக்கம்போல கேள்விகளும் வந்து குவிந்துவிட்டன. நான் வளர்ப்பது பால் பைத்தானும் (ball python, ஒரு சிறிய மலைப்பாம்பு வகை) கார்ன் ஸ்நேக்கும் (corn snake). அந்த இரண்டுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

கார்த்திக்: அண்ணா, பால் பைத்தான் வாங்கி ஒரு வாரம் ஆகிறது. கண்ணாடித் தொட்டிக்கு அடியில் ஹீட் மேட் (கரண்டில் சூடாகும் விரிப்பு) ஒட்டியிருக்கிறேன். தெர்மோஸ்டாட் தேவையில்லை என்று கடையில் சொன்னார்கள். எவ்வளவு சூடு இருக்க வேண்டும்?

முதலில் அந்த மேட்டின் பிளக்கைப் பிடுங்குங்கள், பிறகு மீதியைப் படியுங்கள். மேட்டுக்குத் தானாக நிற்கத் தெரியாது; சூட்டை அளந்து அதை நிறுத்துவது தெர்மோஸ்டாட்தான். மேலே மரத்தூளைத் தடிமனாகப் போட்டால் சூடு வெளியேற வழியில்லாமல் இன்னும் ஏறும். சுட்டால் பாம்பு நகர்ந்துவிடும் என்று நினைக்காதீர்கள். உதட்டுக் குழிகளை வைத்து இருட்டிலேயே எலியின் உடல் சூட்டைக் கண்டுபிடிக்கிற பைத்தான், தன் வயிறு வேகும்போது அதே இடத்தில் சுருண்டு கிடக்கும். வயிற்றுச் செதில் சிவந்து, பழுப்பாகி, கொப்புளம் வந்திருக்கும். தூக்கித் திருப்பிப் பார்த்தால்தான் நமக்குத் தெரியும்.

பால் பைத்தானுக்குச் சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 25 முதல் 27. இரவில் 24-க்குக் கீழே விடாதீர்கள். தொட்டி முழுக்க ஒரே சூடாக இருந்தால் அதற்கு ஒதுங்க இடமில்லை. அதனால் மேட் ஒரு பக்கத்தில், அடிப்பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் இருக்கட்டும். ஒளிந்துகொள்ளும் பெட்டியை இரண்டு பக்கமும் வையுங்கள். ஒரே பெட்டி என்றால், சூடோ குளிரோ, பயந்த பாம்பு அதற்குள்ளேயேதான் கிடக்கும்.

தெர்மோஸ்டாட்டின் சென்சார் வெளியே, மேட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இருக்க வேண்டும். உள்ளே வைத்தால் பாம்பு அதைத் தள்ளிவிடும், அல்லது தண்ணீர்க் கிண்ணம் அதன்மேல் கவிழும். தெர்மோஸ்டாட்டோ குளிர்கிறது என்று நினைத்து மேட்டை முழு வேகத்தில் ஓட்டும். உள்ளே, மேட்டுக்கு நேர் மேலே கண்ணாடித் தரையில், தனியாக ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வைத்து, அது 32 காட்டும்வரை தெர்மோஸ்டாட்டைத் திருத்துங்கள். செலோடேப் எதையும் உள்ளே ஒட்டாதீர்கள். செதிலோடு ஒட்டிக்கொண்டால் பிரிப்பது பெரும்பாடு.

நித்யா: கார்ன் ஸ்நேக்குக்கும் இதே அளவா?

இல்லை. சூடான பக்கம் 29 முதல் 31, மறுபக்கம் 22 முதல் 25 போதும். தெர்மோஸ்டாட் இதற்கும் வேண்டும்.

ரகு: மேட்தான் இயற்கை. பால் பைத்தான் கானா, டோகோ, பெனின் பக்கம் எலி வளையிலும் கரையான் புற்றிலும் கிடக்கிற பாம்பு. அதற்குச் சூடு மண்ணிலிருந்துதான் வருகிறது. மேலே பல்பு போடுவது வீண் ஆடம்பரம்.

ரகு, அந்த மண்ணைச் சூடாக்குவது எது? வெயில்தானே! வெயில் நேரத்தில் வளைக்குள் ஆழமாகப் போகப் போகக் குளிர்ச்சி. அதனால்தான் பாம்பு வெயிலுக்குப் பயந்து கீழே இறங்குகிறது. மேட் மட்டும் வைத்த தொட்டியில் கீழே தோண்டினால் சுடும். அதன் பழக்கத்துக்கு நேர் எதிர். தவிர, மேட் தன்மேல் படுவதைச் சூடாக்குமே தவிர காற்றைச் சூடாக்காது. ஹாலஜன் பல்பின் அகச்சிவப்பு தோலைத் தாண்டித் தசைவரை போகும். செராமிக் ஹீட்டருடையது (வெளிச்சம் இல்லாமல் சூடு மட்டும் தரும் பீங்கான் பல்பு) தோலின் மேற்பரப்போடு நின்றுவிடும்.

ரகு: பெட்டி அடுக்குகளில் மேட் மட்டும் வைத்து நூற்றுக்கணக்கில் வளர்க்கிறார்களே? முட்டையும் இடுகிறதே?

இடுகிறது. அங்கே அந்த அறையையே சூடாக வைத்திருப்பார்கள். ஜனவரியில் உங்கள் பேஸ்மென்ட்டில் என்ன டிகிரி?

சுதா: ரகு அண்ணா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பல்புக்கு மாறியதிலிருந்து என் பாம்பு தோலைத் துண்டு துண்டாக உரிக்கிறது.

அது உண்மைதான் சுதா. பல்பு ஈரத்தை உறிஞ்சிவிடும். பல்புக்கு மட்டும் இடம் விட்டு வலை மூடியின் மற்ற பகுதியை அடைத்துவிடுங்கள், பெரிய தண்ணீர்க் கிண்ணம் வையுங்கள். ஈரப்பதம் 60 சதவீதத்தை ஒட்டி இருக்கட்டும். பல்பு தொட்டிக்கு உள்ளே என்றால் கம்பிக் கூண்டு கட்டாயம். செராமிக் ஹீட்டரின் மேற்பரப்பு 200 டிகிரியைத் தாண்டும், பைத்தான் ஏறி அதைச் சுற்றிக்கொள்ளும். அதற்கு பிளாஸ்டிக் ஹோல்டரும் ஆகாது, பீங்கான் ஹோல்டர் வேண்டும். ஹாலஜனுக்கு, கரண்டைக் கூட்டிக் குறைக்கும் டிம்மிங் தெர்மோஸ்டாட்; செராமிக்குக்கு, கரண்டை விட்டு விட்டுத் தரும் பல்ஸ் வகை.

ரகு, மற்றவர்களும் காத்திருக்கிறார்கள். மிச்சத்தைத் தனியாகப் பேசிக்கொள்வோம்.

பெயர் வேண்டாம்: ஹீட் ராக் (கரண்டில் சூடாகும் செயற்கைக் கல்) வாங்கலாமா?

வேண்டாம்.

மணி: தெர்மோஸ்டாட் வைத்த ஹீட் ராக்?

அதுவும் வேண்டாம். ஒரு இடம் கொதிக்கும், பக்கத்து இடம் ஆறிக் கிடக்கும். சென்சார் எந்த இடத்தைப் பார்க்கும்?

தீபா: மேட்டில் குறைந்த வாட் போட்டால் தெர்மோஸ்டாட் இல்லாமல் சமாளிக்கலாமா?

கார்த்திக்குக்குச் சொன்ன பதிலை இன்னொரு தடவை படியுங்கள்.

அருண், சென்னை: தோட்டத்தில் மலைப்பாம்புக் குட்டி கிடைத்தது. வளர்க்க என்ன சூடு வேண்டும்?

வனத்துறைக்குப் போன் செய்யுங்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வைத்திருப்பது குற்றம், சிறைத் தண்டனை உண்டு.

ஜெயா, சிங்கப்பூர்: இங்கே எந்த மேட் நல்லது?

அங்கே பாம்பு வளர்க்கவே அனுமதி இல்லை.

குமரன், ஸ்கார்பரோ: அண்ணை, என்ர பைத்தான் வாயைத் திறந்து மூச்சு விடுது. சூட்டைக் கூட்டினால் சரி வருமோ?

தெர்மாமீட்டரைப் பாருங்கள், குறைவாக இருந்தால் 32-க்குக் கொண்டுவாருங்கள். ஆனால் அதோடு நிற்காமல் ஊர்வன பார்க்கிற டாக்டரிடம் இன்றைக்கே கூட்டிப்போங்கள். மூச்சுக்குழாய்த் தொற்றாக இருக்கலாம், அதற்கு மருந்து வேண்டும்.

வசந்தி: கரண்ட் போனால்? 2013 டிசம்பர் பனிப்புயல் மாதிரி நாள்கணக்கில் போனால்?

தொட்டியைக் கம்பளியால் சுற்றுங்கள், காற்றுத் துளையை மட்டும் விட்டுவிடுங்கள். நீண்டுகொண்டே போனால் பாம்பைத் துணிப்பையில் போட்டு, தெர்மோகோல் பெட்டிக்குள் வைத்து, துண்டு சுற்றிய வெந்நீர் பாட்டிலைப் பக்கத்தில் வையுங்கள். பாட்டில் பையைத் தொடக் கூடாது. சில மணி நேரத்துக்கு ஒருமுறை வெந்நீரை மாற்றுங்கள். கரண்ட் வந்து தொட்டி பழைய சூட்டுக்குத் திரும்பும்வரை எலி கொடுக்காதீர்கள். குளிரில் ஜீரணம் ஆகாது, கக்கிவிடும்.