பட்டாளத்துக்குப் போய்ப் போர் வரலாறு எழுதுவேன் என்கிறான்

மன்னார்குடியிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

பிளஸ் ஒன்னில் வரலாறு குரூப் எடுத்த மகன், ராணுவத்தில் சேர்ந்து பிறகு போர் வரலாறு எழுதப் போவதாகச் சொல்கிறான். இதெல்லாம் சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எழுத்து மட்டும் போடுவது கஷ்டம், அதிகாரி சம்பளம் போடும். அவன் சொல்கிற வரிசை சரியானதுதான்.

இயன் கார்டோசோவைப் பற்றி அவனைப் படிக்கச் சொல்லுங்கள். 1971 போரில் கண்ணிவெடியில் கால் சிதைந்தபோது, குக்ரிக் கத்தியால் தானே அதை வெட்டிக்கொண்ட கூர்க்கா படை அதிகாரி அவர். செயற்கைக் காலோடு திரும்பி வந்து பட்டாலியனுக்கும், பல பட்டாலியன்கள் சேர்ந்த பிரிகேடுக்கும் தலைமை தாங்கினார். ஓய்வுபெற்ற பின் ராணுவ வரலாற்று நூல்கள் எழுதினார். ஜான் தால்வி வேறு மாதிரி. 1962 போரில் சீனர்களிடம் சிறைப்பட்ட பிரிகேடியர். 1969-ல் அந்தத் தோல்வியைப் பற்றியே புத்தகம் எழுதினார். ஜெயித்த கதை எழுத ஆயிரம் பேர் வருவார்கள். எனக்கு தால்விதான் ஒரு படி மேல்.

சரி, வழி என்ன? பிளஸ் டூவோடு அதிகாரிப் பயிற்சிக்குச் சேர எழுதும் என்.டி.ஏ. தேர்வைத் தரைப்படைக்காக எந்த குரூப் மாணவரும் எழுதலாம். ஆனால் எழுத்துத் தேர்வின் 900 மதிப்பெண்ணில் 300 கணக்குக்கு. கணக்கை விட்டுவிட்ட பையன் அங்கே தடுமாறுவான். அதைவிட பி.ஏ. முடித்து, பட்டதாரிகள் அதிகாரியாகச் சேர எழுதும் சி.டி.எஸ். தேர்வை எழுதலாம். சென்னை பரங்கிமலையில் இருக்கும் ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்கு மட்டும் என்றால் ஆங்கிலமும் பொது அறிவும்தான், கணக்குத் தாள் கிடையாது. அப்புறம் எஸ்.எஸ்.பி. என்கிற நேர்முகத் தேர்வு, மருத்துவப் பரிசோதனை. அங்கிருந்து குறுகிய காலப் பணிக்குப் போனால் 10 வருடம், நீட்டித்தால் இன்னும் 4. அத்தோடு வெளியே வந்தால் ஓய்வூதியம் இல்லை. இதை வீட்டில் இப்போதே பேசிவிடுங்கள். பணியில் இருக்கும்போது அனுமதி வாங்காமல் ராணுவத்தைப் பற்றிப் புத்தகம் போடவும் முடியாது.

ஒன்று மட்டும் அவனுக்குப் புரிய வேண்டும். போருக்குப் போனவரெல்லாம் வரலாற்றாசிரியர் ஆகிவிட மாட்டார். தான் பார்த்ததை மட்டும் எழுதினால் அது நினைவுக்குறிப்பு. எதிர்த்தரப்பின் காகிதத்தையும் புரட்டிப் பார்க்க வேண்டும். அதற்குப் பட்டாளம் வரை காத்திருக்கத் தேவையில்லை. 1773-ல் ஆற்காட்டு நவாபுக்காகக் கும்பினிப் படை, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியின் படை, தஞ்சைக் கோட்டையைப் பிடித்தது. 1776-ல் தஞ்சையின் மராட்டிய மன்னர் துளஜாவிடம் நாடு திரும்பி வந்தது. பெரிய கோயிலைச் சுற்றி அந்தக் கோட்டையின் அகழி இன்னும் இருக்கிறது. லீவு நாளில் போய் அதன் ஓரமாக நடந்து, எந்தப் பக்கம் தாக்குவது சுலபம் என்று குறித்துக்கொள்ளட்டும். கும்பினிக்காரர்கள் எழுதி வைத்ததைப் படித்து, தான் குறித்ததோடு ஒப்பிடட்டும். தஞ்சை மராட்டியர் மோடி என்கிற பழைய மராத்தி எழுத்தில் எழுதி வைத்த ஆவணங்களில் ஒரு பகுதியைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் தமிழில் வெளியிட்டிருக்கிறது. அரண்மனைக் காகிதம் எப்படி இருக்கும் என்று அதில் பழகிக்கொள்ளலாம்.

பிறகு நாலு பக்கம் எழுதி எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். தேதி, இடம், யார் சொன்னது என்கிற மூன்றும் இல்லாத பத்தியைச் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்புவேன், கோபித்துக்கொள்ளக் கூடாது.