பிப்ரவரிக் கிழவர்

அன்புள்ள ஐயா,

பிரெஞ்சு எல்லையிலிருந்து ஸ்பெயினின் சாண்டியாகோ பேராலயத்துக்கு யாத்திரையாக நடந்துகொண்டிருக்கிறேன். அம்மா போன வருஷம் இறந்தார். அவருக்காக வேண்டிக்கொண்ட நடை. 22 நாளில் வழியிலுள்ள லியோன் நகரம் வந்து, இரண்டு நாள் ஓய்வு என்று நின்றுவிட்டேன். கூட நடந்தவர்கள் முன்னால் போய்விட்டார்கள். மனசு உறுத்துகிறது. நேற்று பேராலயம், அதன் 1,800 சதுர மீட்டர் வண்ணக் கண்ணாடி, ரோமானிய மதில், கட்டடக் கலைஞர் கௌடி கட்டிய மாளிகை எல்லாம் பார்த்தேன். கைக்கடிகாரம் 16 கிலோமீட்டர் காட்டியது. வேண்டுதலோடு கிளம்பியவன் இப்படி ஊர் சுற்றலாமா? பேருந்தில் போய் அவர்களைப் பிடித்தால் தப்பா?

சரவணன்

அன்புள்ள சரவணன்,

போன வாரம் மாடி ஏறும்போது இடது கணுக்காலுக்கு மேலே பழைய வலி ஒன்று தலைகாட்டியது. அது நீங்கள் நடந்துவந்த அதே பாதையில் எனக்கு வந்த வலி. அதையே நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது.

பேருந்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. யாத்திரையை முடித்ததற்கான சான்றிதழுக்குக் கடைசி 100 கிலோமீட்டர் நடந்தால் போதும். உங்களுக்கு இன்னும் 300 கிலோமீட்டர் மிச்சம் இருக்கிறது.

ஆனால் ஓய்வு நாளில் 16 கிலோமீட்டரா? எனக்குக் கோபமே வந்தது. முதுகில் மூட்டை இல்லை, அவ்வளவுதான். சும்மா இருக்கப் பயந்து பட்டியல் போட்டு ஓடியிருக்கிறீர்கள். அதற்கு ஓய்வு என்று பெயர் வைத்து, அப்புறம் ஓய்வெடுத்துவிட்டேனே என்று உறுத்தல் வேறு!

லியோனுக்கு முன்னால் வரும் புர்கோஸ் நகரத்தில் நானும் இதே பிடிவாதத்தோடு இருந்தேன். கூட வந்தவர்கள் ஒரு நாள் தங்கலாம் என்றார்கள். நான் சுற்றுலா வரவில்லை என்று சொல்லிவிட்டு, 1221இல் கட்டத் தொடங்கிய அந்தப் பேராலயத்தை வாசலில் நின்று அண்ணாந்து பார்த்ததோடு கிளம்பினேன். அடுத்து வரும் கரியோன் ஊரைத் தாண்டினால் 17 கிலோமீட்டருக்கு ஊரே கிடையாது. கோதுமை வயல், நேர்கோடாக ஒரு பாதை. அங்கேதான் கால் வீங்கியது. கணுக்காலுக்கு மேலே விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. டாக்ஸி பிடித்து லியோன் வந்தேன். யாத்திரிகர் விடுதியில் பொதுவாக ஒரு இரவுதான்; காலையில் காலி செய்துவிட வேண்டும். மலிவாக ஒரு அறை எடுத்து, ஐந்து நாள் காலைத் தலையணை மேல் வைத்துக் கிடந்தேன். புர்கோஸில் மறுத்த ஒரு நாளை லியோன் ஐந்தாக வாங்கிக்கொண்டது.

நான்காம் நாள் நொண்டிக்கொண்டே சான் இசிதோரோ தேவாலயத்துக்குப் போனேன். லியோன் அரசர்களைப் புதைத்த மண்டபம் அங்கே இருக்கிறது. அதன் வளைவு ஒன்றில் 12 மாதங்களின் வேலையையும் வரைந்திருக்கிறார்கள், ஏறத்தாழ 900 வருஷத்துக்கு முன்னால். ஜூலையில் அறுவடை, ஆகஸ்டில் போரடிப்பு, செப்டம்பரில் திராட்சை பறிப்பு, நவம்பரில் பன்றி அடிப்பது. பிப்ரவரியிலோ ஒரு கிழவர் நெருப்பருகே உட்கார்ந்து குளிர் காய்கிறார். அவருக்கு வேறு வேலை எதுவும் கொடுக்கவில்லை. அந்த ஓவியனுக்கு அதுவும் ஒரு மாதத்தின் வேலையாகத் தெரிந்திருக்கிறது. காலை நீட்டித் தரையில் உட்கார்ந்து அந்தக் கிழவரை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேண்டுதல் என்றால் நிற்காமல் நடப்பது என்று உங்களுக்கு யார் சொன்னது? இந்தப் பாதைக்கு 12ஆம் நூற்றாண்டிலேயே எழுதிய கையேடு, லியோனில் நின்று புனிதர் இசிதோரின் உடலைத் தரிசிக்கச் சொல்கிறது. வழிநெடுக மன்னர்களும் துறவிகளும் யாத்திரிகர்களைப் படுக்கவைத்துச் சோறு போட மருத்துவ விடுதிகள் கட்டினார்கள். நம் பக்கம் பண்டரிபுரம் போகும் ஞானேஸ்வரர் பல்லக்கே புனேயில் இரண்டு இரவு தங்கித்தான் கிளம்புகிறது.

உங்கள் அம்மாவைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். நடக்கும்போது மனசு கால்வலியிலும் அடுத்த ஊரிலும் போய்விடும். உட்கார்ந்தால்தான் அம்மா வருவார். அதற்குத்தான் பயப்படுகிறீர்களோ என்று தோன்றுகிறது. பயப்படாதீர்கள், தம்பி. வரட்டும்.

இன்று எதையும் பார்க்க வேண்டாம். சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள். நாளைக் காலை ஊரைவிட்டுப் போகும் வழியிலேயே, ஆற்றுப் பாலத்துக்கு முன்னால், சான் மார்கோஸ் வரும். ஒரு காலத்தில் யாத்திரிகர் மருத்துவமனையாக இருந்த இடம். இன்று பெரிய ஹோட்டல். அதற்கு எதிரே கற்சிலுவையின் அடியில் வெண்கலத்தில் ஒரு யாத்திரிகன் உட்கார்ந்திருக்கிறான். செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருக்கிறான். கொஞ்சம் சீக்கிரமே கிளம்புங்கள். நீங்களும் ஷூவைக் கழற்றிவிட்டு அவன் பக்கத்தில் உட்காருங்கள்.